வாசல் கேட்ட வீடு

சூடாமணியின் வீட்டில் ஒரு கடிகாரத்துக்குச் சந்தனம் சாத்துவார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் மயிலாப்பூரில் கோயில் குளத்துக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் யாரும் அதைப் பற்றிச் சிரித்ததில்லை. வேடிக்கை பார்க்க உள்ளே போன ஒன்றிரண்டு பேரும் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு வெளியே வந்திருக்கிறார்கள்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு தங்கக் கடிகாரம். சட்டைப்பையில் சங்கிலி போட்டு வைத்துக்கொள்கிற வகை. சூடாமணியின் தாத்தா வக்கீல். ஒரு ஜமீன்தாருக்கு வழக்கை ஜெயித்துக் கொடுத்ததற்கு மரியாதையாக வந்தது. மூடியைத் திறந்தால் நீல முகப்பு, நடுவில் குட்டியாக ஒரு மணி, மணிக்கு இரண்டு பக்கமும் சுண்டுவிரல் நகத்தளவு இரண்டு தங்கப் பொம்மைகள், கையில் சுத்தியலோடு. விளிம்பில் உள்ள குமிழை அழுத்தினால் பொம்மையின் கை எழுந்து மணியில் விழும். செய்த சீமைக்காரன் அவன் ஊர்ச் சிப்பாய்கள் யாரையோ நினைத்துச் செய்திருப்பான். தாத்தாவின் கண்ணுக்குத் தலைக்கவசம் கிரீடமாகவும், குட்டைப் பாவாடை பஞ்சகச்சமாகவும், சுத்தியல் கதாயுதமாகவும் தெரிந்துவிட்டன. வைகுண்ட வாசலைக் காக்கிற ஜயனும் விஜயனும்தான் இவர்கள் என்று முடிவு கட்டி, பூஜை அலமாரியில் பெருமாளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். மறுத்துப் பேச அந்த வீட்டில் யாருக்குத் தைரியம்?

அதிலிருந்து வந்ததுதான் 'வாசல் கேட்கிற' வழக்கம். கல்யாணமோ, வேலையோ, வைத்தியமோ, எதுவானாலும் ஜயவிஜயர்களைக் கேட்காமல் நடக்காது. ராகு காலம் முடிந்த கையோடு விளக்கேற்றி, வீட்டுப் பெரியவர் கேள்வியைச் சத்தமாக ஒரு முறை சொல்வார். யாருடைய காரியமோ அவர் கை படக்கூடாது. வேறொருவர்தான் குமிழை அழுத்தவேண்டும். இரண்டு பொம்மைகளும் அடித்தால் வாசல் திறந்திருக்கிறது. ஜயன் மட்டும் அடித்து நிறுத்திவிட்டால் சாத்திவிட்டார்கள் என்று அர்த்தம். ஆண்பிள்ளைகள் காரியத்துக்குப் புதன்கிழமை, பெண்கள் காரியத்துக்கு வெள்ளிக்கிழமை. விளையாட்டுக்கு அழுத்தினால் கண் அவிந்துபோகும் என்று சொல்லி வைத்திருந்ததால் மற்ற நேரத்தில் குழந்தைகள்கூட அதைத் தொடமாட்டார்கள்.

சின்ன வயதிலிருந்தே சூடாமணிக்கு ஜயனைக் கண்டால் பயம். அவன் முகத்தில் பொன் தேய்ந்து, கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன. அடித்து முடித்த பிறகும் கையை முழுக்க இறக்கமாட்டான். இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்பதுபோல் பாதியில் தூக்கிப் பிடித்துக்கொண்டே நிற்பான். வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த ரத்னா, கோட்டூர்புரத்து ஆற்றங்கரைக்காரி, எதற்கும் அஞ்சாதவள். அவள்கூடக் கடிகாரம் இருந்த அறையை, பூஜை உள்ளை மட்டும் பெருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"நீயே பெருக்கிக்க சூடாம்மா. அந்தப் பொம்ம என்னையே பாத்துக்கினு கீது. நான் இந்தாண்ட போனா இந்தாண்ட பாக்குது."

"வெறும் பொம்மை ரத்னா."

"பொம்மன்னா பொம்ம மாதிரி இருக்கணும்ல?"

சூடாமணியின் தம்பி ஜெயராமுக்கு எல்லா வாசலும் திறந்தே இருந்தது. இன்ஜினீயரிங் படிக்க, அமெரிக்கா போக, அங்கேயே தங்கிவிட, எல்லாவற்றுக்கும் புதன்கிழமை கேட்டார்கள். சூடாமணிதான் அழுத்தினாள். இரண்டு பேரும் மாற்றி மாற்றி அடித்தார்கள்.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தபோதும் சூடாமணிதான் அழுத்தினாள். பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷம் அவளுக்கு. அறுத்து எடுத்துவிட்டால் பிழைத்துவிடுவாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம். ஜயன் பன்னிரண்டு முறை அடித்தான். விஜயன் அசையவில்லை. "சாத்தின கதவை முட்டக்கூடாது" என்றார் அப்பா ஸ்ரீனிவாசராகவன். கஷாயத்தையும் லேகியத்தையும் வைத்துக்கொண்டு அம்மா அடுத்த ஆடி வரை இழுத்துக்கொண்டு கிடந்தாள். பிறகு போய்விட்டாள்.

அம்மா போன அந்த வருஷம் பகலெல்லாம் பூஜை உள்ளிலிருந்து மணிச் சத்தம் கேட்கும். கதவைச் சாத்திக்கொண்டு அப்பா உள்ளே இருப்பார். அழுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து சூடாமணி ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

பிறகு அவளுக்கு வரன்கள் வந்தன. மாம்பலத்திலிருந்து ஒன்று, ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்று. அதெல்லாம் போனால் போகட்டும். அடையாற்றிலிருந்து வந்தவரைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். பெண் பார்க்க வந்த இடத்தில் பாட்டுப் பாடச் சொல்லவில்லை, சமைக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார். அதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. அவள் யோசித்து, "சாயங்காலம் சாந்தோம் பக்கம் கடலைப் பாத்துண்டு நிக்கப் பிடிக்கும்" என்றாள். "அப்போ தினமும் போகலாம்" என்று அவர் சிரித்தார். அந்த வார வெள்ளிக்கிழமை ஜெயராம் குமிழை அழுத்திவிட்டுக் கிரிக்கெட் விளையாட ஓடிப்போனான். ஜயன் தனியாக அடித்துவிட்டுக் கையைப் பாதியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பா அதே வாக்கியத்தைச் சொன்னார். சூடாமணி காபி டம்ளர்களை அலம்பப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவள் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? தி.நகரில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். காலையில் அப்பாவுக்குச் சமைத்துவைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிப்பாள். சாயங்காலம் பனகல் பார்க்கில் கறிகாய் வாங்கிக்கொண்டு திரும்புவாள். ராசியில்லாதவள் என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள். தெய்வமே கதவைச் சாத்திய பிறகு யாரைக் கோபித்துக்கொள்வது? நாற்பது வயது தாண்டியபோது அந்தக் கேள்விகூட அவளிடம் மிச்சமில்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. அடையாற்றில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். இதயத்துக்குப் போகிற குழாய்கள் அடைத்திருக்கின்றன, பைபாஸ் செய்தே ஆகவேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் பட்டவர்த்தனமாகச் சொன்னார். அப்பா கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். டாக்டர் போனதும் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஆத்துக்குப் போய்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துட்டு வா. நின்னுடப்போறது. ரேடியோல மணி சொல்றச்சே ஒத்துப் பாத்துக்கோ."

அதுவரை அவர் ஒருவர்தான் சாவி கொடுப்பார். சூடாமணி மத்தியானம் வீட்டுக்கு வந்து, கைகால் அலம்பிக்கொண்டு, அலமாரியைத் திறந்தாள். சாவியைத் திருகும்போது கட்டைவிரல் வழுக்கிக் குமிழ் மேல் பட்டு அழுந்திவிட்டது.

அவள் எதையும் கேட்கவில்லை. விளக்குக்கூட ஏற்றவில்லை. ஆனாலும் பதில் வந்தது. ஜயன் கை எழுந்தது. நான்கு அடித்தான். விஜயன் சும்மா நின்றான்.

கண் போய்விடுமோ என்று ஒரு நிமிஷம் இறுக மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டிருக்கும்போதுதான், நான்கா அடித்தான் என்று தோன்றியது. கண்ணைத் திறந்து கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நான்கு தாண்டி ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.

கொஞ்ச நேரம் விட்டு மறுபடி அழுத்தினாள். அதே நான்கு, அதே ஜயன். கால் மணி தாண்டியதும் அழுத்தினாள். ஜயன் நான்கு அடித்து முடித்ததும் விஜயனும் கையைத் தூக்கினான். இருவரும் ஆளுக்கொரு அடி. அரை மணி ஆனதும் ஆளுக்கு இரண்டு. முக்கால் மணிக்கு மூன்று. ஐந்து அடித்ததும் ஜயன் மறுபடி தனி ஆள் ஆகிவிட்டான்.

பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரிகிற விஷயம். ஜயன் மணியைச் சொல்கிறான். கால், அரை, முக்காலை இருவரும் சேர்ந்து சொல்கிறார்கள். மணி அடித்துக் கால் மணி ஆகும்வரை விஜயனுக்கு வேலையே கிடையாது.

புதன்கிழமை ராகு காலம் ஒன்றரைக்கு முடியும். வெள்ளிக்கிழமை சரியாகப் பன்னிரண்டுக்கு. இதை மயிலாப்பூரில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். புதன்கிழமை ராகு காலம் முடிந்த கையோடு கேட்டால் இரண்டு பேரும் அடித்தே தீரவேண்டும். வெள்ளிக்கிழமை கேட்டால் என்றைக்கும் ஜயன் மட்டும்தான். அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை. அவளுக்கு வெள்ளிக்கிழமை. பெண்கள் எல்லோருக்கும் வெள்ளிக்கிழமை.

சூடாமணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாத்திரம் தேய்க்க வந்த ரத்னா வாசற்படியிலேயே நின்று, "இன்னாம்மா, பேயறைஞ்சா மாதிரி கீற?" என்றாள். கடிகாரம் அவள் மடியில் ஓடிக்கொண்டிருந்தது. பொன் தேய்ந்த அந்த முகம் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் அவளுக்கும் பட்டது.

அப்பா வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தாள். பாவம், தெரியாமல் செய்தது, தாத்தா காலத்து வழக்கம். தெரிந்தால் மனசு உடைந்துவிடுவார், எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். டாக்டர் தடுத்தும் கேட்காமல் கிளம்பி வந்தவர் ஆட்டோவிலிருந்து இறங்கி ஈஸிசேரில் சாய்ந்தார்.

"ஆபரேஷனுக்கு வாசல் கேட்டுடலாம். அவா திறந்துட்டா எனக்கு பயமில்லை. புதன்கிழமை கேட்கலாம்."

"புதனுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கேப்பா. டாக்டர் அவசரங்கறார். நாளைக்கு வெள்ளிக்கிழமைதானே, நாளைக்கே கேட்டுடலாமே?"

"வெள்ளிக்கிழமை வேண்டாம்." குரல் சட்டென்று உயர்ந்தது. "வெள்ளிக்கிழமை அவன் தனியான்னா அடிப்பான்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. இருமினார். தண்ணீர் கேட்டார். சூடாமணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு அவர் அடித்த மணிகள் ஒவ்வொன்றும் இப்போது அவள் காதில் கேட்டன. அழவில்லை அவர். கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

புதன்கிழமை வந்தது. ஒன்றரை மணிக்கு அப்பா பட்டு வேஷ்டி கட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்து, "எனக்கு இந்த ஆபரேஷன் ஆகலாமா?" என்று சத்தமாகக் கேட்டார். அவர் கை படக்கூடாது. வீட்டில் வேறு யாரும் இல்லை. கடிகாரம் சூடாமணியின் கையில் இருந்தது.

"அழுத்தும்மா."

"திரி சரியா எரியலைப்பா. மாத்திடறேன்."

திரியை மாற்றினாள். எண்ணெய் போதாது என்று உள்ளே போனாள். துளசி வாடியிருக்கிறது என்று கொல்லைக்குப் போனாள். அவசரமே படாமல் ஒவ்வோர் இலையாகக் கிள்ளினாள். அவரைச் சாகடிக்க அவள் நினைக்கவில்லை. அவர் வாயால் ஒரு வார்த்தை வரவேண்டும், அவ்வளவுதான். திரும்பி வந்தபோது அப்பாவின் கண் சுவர்க் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. நெற்றித் திருமண் வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியிருந்தது.

"ரெண்டு மணிக்குள்ள..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"ரெண்டு மணிக்குள்ள என்னப்பா?"

"ஒண்ணுமில்லை."

சொன்னால் மாட்டிக்கொள்வார். சொல்லாவிட்டால் வாசல் சாத்திவிடும். அவர் வாய் திறந்து திறந்து மூடியது. சுவர்க் கடிகாரம் இரண்டு அடித்தது. சூடாமணி கையை அலம்பித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, குமிழை அழுத்தினாள். ஜயன் இரண்டு அடித்தான். கையைப் பாதியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இது செல்லாது!" அப்பா கத்தினார். "ரெண்டு மணி ஆயிடுத்து, அதான் அவன் மட்டும் அடிச்சான். கால் மணி ஆனாத்தான் அடுத்தவன் கை எழும். இதுல பகவானும் இல்லை, ஒண்ணும் இல்லை. வெறும் மெஷின்மா."

"எப்போலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

அப்பா பலகையின் விளிம்பை விரலால் தேய்த்தார். பிறகு, "உங்கம்மா போனப்புறம்" என்றார். "சத்தியமா அதுக்கு முன்னாடி தெரியாது."

"என்னைப் பாக்க அடையாத்துலேர்ந்து வந்தாரே, அது அதுக்கு எத்தனையோ வருஷம் அப்புறம். தெரிஞ்சுண்டேதான் வெள்ளிக்கிழமை கேட்டேளா?"

"ஜெயராம் போயிடுவான்னு தெரியும். நீயும் போயிட்டா, இந்த ஆத்துல நான் யாரோட பேசறது, சொல்லு?"

சூடாமணிக்கு அழுகை வரவில்லை. கத்தவேண்டும் போலிருந்தது, அதுவும் வரவில்லை. எதிரில் திருமண் கலைந்து உட்கார்ந்திருந்த கிழவரைப் பார்க்க அவளுக்கு வெறுப்பாகவும் இருந்தது, தூக்கி அணைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. போதும், வார்த்தை வந்துவிட்டது என்று நினைத்தாள்.

"கால் மணி ஆகட்டும்ப்பா. மறுபடி அழுத்தறேன்."

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து காத்திருந்தார்கள். கால் மணி தாண்டியது. அழுத்தினாள். ஜயன் இரண்டு அடித்தான். விஜயன் அசையவில்லை.

மறுபடி அழுத்தினாள். காதோடு வைத்துக்கொண்டு அழுத்தினாள். அரை மணி ஆனதும் அழுத்தினாள். ஜயன் இரண்டு அடித்தான், அத்தோடு சரி. விஜயன் சுவரில் வரைந்த படம் மாதிரி நின்றான். உள்ளே கடிகாரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"ரிப்பேர் ஆயிருக்கும். சும்மா சும்மா அழுத்தினேன் பாருங்கோ, அதான். நீங்கதானே மெஷின்னு சொன்னேள்? கிளம்புங்கோ, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அப்பா தலையை ஆட்டினார். பதற்றமெல்லாம் போய், முகம் விசித்திரமாகத் தெளிந்திருந்தது.

"உனக்கு நான் சாத்தினேன். எனக்கு அவா சாத்திட்டா. சாத்தின கதவை முட்டக்கூடாதும்மா."

கெஞ்சினாள். காலில் விழுந்தாள். அமெரிக்காவிலிருந்து ஜெயராம் போனில் கத்தினான். டாக்டரே வீட்டுக்கு வந்து சொல்லிப் பார்த்தார். அப்பா பிடித்த பிடியை விடவில்லை. அதன்பின் அவர் மகளிடம் எதற்கும் அதட்டிப் பேசியதில்லை. சாயங்காலம் அவள் அலுவலகத்திலிருந்து வரும்போது வாசலிலேயே நிற்பார். "கடலைப் பாத்துட்டு வரதுதானே, இவ்வளவு சீக்கிரம் வந்துட்டியே" என்பார். அவள் லீவு போட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அவருக்குச் சாப்பிட இலை போட்டுக்கொண்டிருக்கும்போது, ஈஸிசேரில் சாய்ந்தபடியே போய்விட்டார்.

ஒன்றரை மணிக்கே அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். ஒரு திரி, ஒரு கரண்டி எண்ணெய், ஒரு கைப்பிடி துளசி. சூடாமணி இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், பொம்மை அடிக்காததற்கு நீ என்ன செய்வாய் என்றுதான் கேட்பார்கள்.

காரியங்கள் முடிந்து ஜெயராம் ஊருக்குப் போனான். அடுத்து வந்த வெள்ளிக்கிழமை அவள் அலுவலகத்துக்குப் போகவில்லை. காலையில் ரேடியோவில் மணி சொல்லும்போது கடிகாரத்தை ஒத்துப் பார்த்துச் சாவி கொடுத்தாள். ராகு காலம் முடிந்ததும் விளக்கேற்றினாள். தன் காரியத்துக்குத் தன் கை படக்கூடாது என்பது வழக்கம். வேறு கை இல்லை. கேள்வி என்றுகூடச் சரியாக எதுவும் வரவில்லை. "எனக்கு?" என்று மட்டும் சத்தமாகக் கேட்டுவிட்டு அழுத்தினாள்.

ஜயன் அடித்தான். பன்னிரண்டும் அடித்து முடித்தான். அவள் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். இதற்கு மேல் ஒன்றும் கிடையாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மூடியைச் சாத்தப் போனாள்.

பாதியில் நின்றிருந்த ஜயனின் கை முழுக்கக் கீழே இறங்கியது. அவள் பிறந்ததிலிருந்து அது இறங்கிப் பார்த்ததில்லை. பிறகு எதிர்ப்பக்கத்தில் விஜயன் மெதுவாகக் கையைத் தூக்கினான். மணியில் ஓர் அடி விழுந்தது.

சூடாமணி கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பன்னிரண்டு தாண்டி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வாசல்பக்கம் ரத்னா பெருக்கிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. உள்ளங்கையில் கடிகாரம் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. அவள் அதை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அப்பா போன அன்றைக்குக்கூட வராத அழுகை வந்துவிட, விஜயனைக் கேட்டாள்.

"இத்தனை வருஷம் எங்கேடா போயிருந்தே?"